சிரிக்காத முகம், தவறாத கால்

கோமாளிக்குப் புள்ளி போடச் சொன்னால் நம்மில் பலர் அவன் வாயைத்தான் பார்ப்போம். நான் காலைப் பார்ப்பேன். மாசி மாதம் இலங்கை மலையகத்தில் பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும்போது குறவன் குறத்தி பொட்டலில் இறங்கியதும் கூட்டம் குலுங்கும். குறவன் தப்புப் பறையின் அடிக்கு ஒரு கணம் பிந்தி வர வேண்டும். ஆனால் தாளம் தவறக்கூடாது. பிந்துவது நடிப்பு, தவறுவது பிழை. கூத்து வாத்தியாருக்கும் தப்புக்காரருக்கும் அந்த வித்தியாசம் தெரியும்.

இந்தக் கணக்கை ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில் நன்றாகப் போட்டவர் கார்ல் வாலன்டின். 1882இல் பிறந்தவர்; ஒட்டடைக்கம்பு மாதிரி உடம்பு; இளம் வயதில் தச்சு வேலை பழகியவர். முதல் உலகப் போரை ஒட்டி வந்த அவருடைய ஊமைப்படம் ஒன்றில், புது மேசை உயரம் சரிப்படாமல் அதன் கால்களை அறுக்கிறார். அடுத்து நாற்காலி ஒத்துவரவில்லை, அதற்கும் வாள். கதை அவ்வளவுதான். முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை. வேலையில் மூழ்கிய தச்சனின் முழு அக்கறையோடு அறுக்கிறார். அந்த அக்கறைதான் நம்மைச் சிரிக்க வைக்கிறது. வாள் பிடிக்கத் தெரியாதவர் செய்திருந்தால் அது வெறும் கூத்தடிப்பாகப் போயிருக்கும்.

நம் தோட்டத்து ஆட்டக்காரருக்கும் பலம் அதேதான். காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய், மலையில் நின்று, இரவில் வேஷம் கட்டுகிறவர் அவர். கங்காணியின் நடையை ஆடிக் காட்டச் சொன்னால் அவர் கற்பனை செய்யத் தேவையில்லை.

வாலன்டினின் மேடைத் துணை லீசல் கார்ல்ஷ்டாட். அந்த அம்மா ஆண் வேஷத்தில் பேர் எடுத்தவர். நம் பொட்டலில் காமனின் மனைவி ரதியாகச் சேலை கட்டுவது ஆண்கள். இரு தரப்பிலும் வேஷம் கேலிக்காக மட்டும் அல்ல; நம்மவர்கள் நேர்த்தி வைத்தே கட்டுகிறார்கள்.

1923இல் பெர்டோல்ட் பிரெக்டும் எரிக் எங்கலும் எடுத்த முடிவெட்டும் கடைப் படத்திலும் வாலன்டின் நடித்தார். அதில் ஒருவர் தலை துண்டாகிறது. பிறகு அதை ஒட்டிவிடுகிறார்கள். எனக்கு மேசைப் படம்தான் மேல். தலை ஒட்டும் வித்தைப் படத்தில் ஆட்டக்காரரை விட வித்தைக்குத்தான் வேலை அதிகம். 1936இல் வந்த அவருடைய பேசும் படம் ஒன்று வறுமையைக் காட்டுகிறது என்று நாஜிகளின் தடைக்கு ஆளானது. 1948 பெப்ரவரி 9ஆம் திகதி, ஊரே கோமாளி வேஷம் போடும் திருவிழாத் திங்களன்று, வாலன்டின் காலமானார்.

இப்போது கூத்தைப் பாடசாலை மேடைக்கும் விழா மண்டபத்துக்கும் சுருக்கிக் கொண்டுவருகிறார்கள். ஒலிவாங்கி முன்னால் நின்ற குறவன் பேச்சிலே சிரிப்புத் தேடுகிறான். கால் கட்டிப்போட்டது போல நிற்கிறது. விழா அமைப்பாளர்கள் ஒலிவாங்கியை ஓரமாக நகர்த்தி, தப்புக்காரரை ஆட்டக்காரர் கண்ணுக்கு எதிரே நிறுத்தட்டும். பாதிக் குறை அதிலேயே தீரும்.