கதிர் பொறுக்கப் போனவளின் முதுகு

நேப்பிள்ஸிலிருந்து தெற்கே, கடலை ஒட்டி ஓடும் ரயில் பாதையில் இருக்கிறது சாப்ரி. சின்ன ஊர். அதன் கடற்கரை நடைபாதையில் நிற்கும் வெண்கலப் பெண்ணைப் பார்க்கத்தான் போனேன். நான் போன மாலையில் ஓர் ஆள் அவள் இடுப்பில் கைபோட்டு நிற்க, கூட வந்தவர்கள் சிரித்தபடி படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

1857 ஜூன் இறுதியில் கார்லோ பிசகானே சுமார் 300 பேருடன் இங்கே கரையிறங்கினார். நேப்பிள்ஸ் மன்னராட்சிக்கு எதிராகக் குடியானவர்கள் திரள்வார்கள் என்று நம்பினார். யாரும் திரளவில்லை. கொள்ளையர் வந்துவிட்டார்கள் என்றெண்ணிய கிராமத்தாரும் படையினரோடு சேர்ந்து தாக்கினார்கள். சில நாள்களில் பிசகானேயும் இறந்தார். இந்தத் தோல்வியை லூய்ஜி மெர்கன்தீனி, கதிர் பொறுக்கும் ஒரு பெண் சொல்வதுபோலக் கவிதையாக்கினார். காலையில் வேலைக்குப் போனவள் கப்பலைப் பார்க்கிறாள், தலைவனின் அழகில் மனம் இழக்கிறாள், பின்னாலேயே போய் அவர்கள் சாவதைப் பார்க்கிறாள்.

2021 செப்டம்பரில் முன்னாள் பிரதமர் ஜுசெப்பே கோன்தே முன்னிலையில் திறக்கப்பட்ட இந்தச் சிலையைச் செய்தவர் எமானுவேலே ஸ்டிஃபானோ. மெல்லிய உடை ஈரத்துணிபோல உடம்பில் ஒட்டியிருக்கிறது. இது பெண்களுக்கும் வரலாற்றுக்கும் அவமதிப்பு என்றார் நாடாளுமன்ற உறுப்பினர் லௌரா போல்த்ரீனி. ஆணோ பெண்ணோ, மனித உடலைக் குறைவாக மூடுவதே தன் வழக்கம் என்றார் சிற்பி.

உடை குறைவு என்று நான் குறைசொல்லப் போவதில்லை. அந்தப் பேச்சு நம்மைக் கலாச்சாரக் காவலர்கள் பக்கம் கொண்டுபோய் நிறுத்தும். என் கேள்வி வேலையைப் பற்றியது. அறுவடை முடிந்த வயலில் சிந்திக் கிடப்பதைப் பொறுக்குவது நிலமற்றவர்களின் பிழைப்பு. பெரும்பாலும் பெண்களின் பிழைப்பு. நாள் முழுக்கக் குனிந்து செய்யும் வேலை. அதே 1857இல் பாரிஸில் மிலே காட்சிக்கு வைத்த ஓவியத்திலும் கதிர் பொறுக்கும் பெண்கள் மூவர் இருக்கிறார்கள். இருவர் தரையோடு வளைந்திருக்கிறார்கள்; ஒருத்தி பாதி நிமிர்ந்திருக்கிறாள். முகங்கள் சரியாகத் தெரியாது, முதுகு தெரியும். அந்த முதுகுகளைப் பார்த்துத்தான் அன்றைய வசதிபடைத்தவர்கள் எரிச்சலடைந்தார்கள். சாப்ரியின் பெண்ணிடமும் பின்புறம்தான் முதலில் கண்ணில் படுகிறது. ஆனால் அது ஒருநாளும் குனிந்த உடலாக எனக்குத் தோன்றவில்லை.

இதைச் சிற்பியின் குற்றம் என்று மட்டும் சொல்லி முடித்துவிடவும் முடியாது. கவிதையே அவளை வயலிலிருந்து கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. அவளுக்குக் குரல் கொடுத்தது. அந்தக் குரலில் ஆண்களின் வீரத்தை மட்டும் பேசவைத்தது. பிசகானே விரும்பிய புரட்சி அவளைப் போன்ற ஏழைகளுக்கானது. ஏன் வரவில்லை என்று அவளிடம் கேட்டிருந்தால் அது அரசியல் கவிதை ஆகியிருக்கும். காதலில் விழவைத்ததும் கேள்வி முடிந்துபோனது. காதலியாக எழுதப்பட்டவளை 164 ஆண்டுகள் கழித்து ஒருவர் வெண்கலத்தில் வார்த்தார், அவ்வளவுதான்.

செத்த ஆண்களைக் கவிதை முந்நூறு என்று எண்ணி வைத்திருக்கிறது. அன்று அவள் பொறுக்கப் போன கதிர் என்ன ஆயிற்று, அவள் வீட்டில் அன்று அடுப்பு எரிந்ததா என்று கவிஞரும் கேட்கவில்லை, சிற்பியும் கேட்கவில்லை.