கை உயர்த்தாத பெரும்பான்மை

மந்திரவாதிகள் உலாவும் கதைகளுக்கும் சமுதாய நோக்குக்கும் என்ன தொடர்பு என்று வினவுவோர் நம்மிடையே உளர். வினா நியாயமானதே. மக்களை மயக்கத்தில் ஆழ்த்தும் கற்பனை ஒன்றுண்டு. ஆனால், மயக்கந் தெளிவிக்கும் கற்பனையும் உண்டு. ஆங்கில நாவலாசிரியர் டெரி பிராச்செட் (1948–2015) இவ்விரண்டாவது வழியிலே நடந்தவர். ஆமையொன்றின் முதுகில் நிற்கும் நான்கு யானைகள் தாங்கும் தட்டையான உலகு அவர் படைத்தது. 1983 முதல் 2015 வரை வெளிவந்த அவ்வரிசையின் 41 நாவல்களில், கதாநாயகனாக அன்றிப் பக்கத்திலே நின்று பணியாற்றும் ஒரு பாத்திரம் ஆசிரியர்களாகிய நமது கவனத்துக்குரியது. அவன் பெயர் பொண்டர் ஸ்டிப்பன்ஸ்.

அவ்வுலகின் மந்திரவாதிகளுக்கெனப் பல்கலைக்கழகம் ஒன்றுண்டு. முன்னைய காலத்தில் மேலுள்ளவரைக் கொன்றே அங்கு பதவி உயர்வு பெற்றனர். ரிட்கலி என்பவர் தலைவரான பின் கொலை ஓய்ந்தது, பதவிகள் நிலைத்தன, உண்பதும் உறங்குவதும் முதியோரின் கடமையாயின. 1990இல் வெளிவந்த ‘மூவிங் பிக்சர்ஸ்’ நாவலில் மாணவனாக அறிமுகமாகும் பொண்டர், வேறொரு மாணவனுக்கென ஆயத்தஞ் செய்யப்பட்ட வினாத்தாள் தன் கைக்கு வந்தமையால் பரீட்சையில் தேறுகிறான். அத்தாளில் இருந்தது ஒரே வினா: எழுதுபவனின் பெயர் யாது என்பதே. தகுதியை அளக்கும் கருவி எத்துணை போலியானது என்பதை இதனினும் சுருக்கமாக உணர்த்துதல் அரிது.

நகைப்பு அத்துடன் முடிந்திருந்தால் பிராச்செட் வெறும் விகடகவியே. குறுக்குவழியால் தேறிய இவ்விளைஞனோ அந்நிறுவனத்திலே உண்மையாக உழைப்பவனாகிறான். கண்ணாடிக் குழாய்களில் எறும்புகள் ஓடச் சிந்திக்கும் ஹெக்ஸ் எனும் இயந்திரம் மாணவரோடு கூடி அவன் வளர்த்தது. பிறர் ஏற்க மறுத்த குழுப்பணிகளும் பதிவேடுகளும் அவன் தோள்மீதே சுமத்தப்படுகின்றன.

2009இன் ‘அன்சீன் அக்கடமிக்கல்ஸ்’ நாவலில் இதன் விளைவு புலனாகிறது. பதவி ஒவ்வொன்றுக்கும் சபையில் வாக்குண்டு. யாரும் விரும்பாத பதவிகள் பல பொண்டரிடம் சேர்ந்துவிட்டமையால், விதிப்படி சபையின் பெரும்பான்மை அவனே! ஆயினும் என்ன? தலைமை ஆசனத்தில் ரிட்கலியே அமர்ந்திருக்கிறார்; விருந்தும் தொடர்கிறது. உழைப்பினால் அதிகாரம் கைக்கு வந்தும், அதனால் அமைப்பை மாற்றலாம் என்ற எண்ணம் எழாத படித்த மத்தியதர வர்க்கத்தின் முழுச் சித்திரமல்லவா இது?

அதே கட்டடத்தின் அடியில், மந்திரவாதிகளின் அறைகளுக்கென மெழுகுதிரிகளை அழகாக உருகி வழியச் செய்யும் கூடத்தில், நட் என்பவன் வேலை செய்கிறான். மேலிருப்போர் பலரினும் ஆழ்ந்து கற்றவன். இழிந்ததெனப் பழிக்கப்பட்ட இனத்தவன். நிதியை இழவாதிருக்க மந்திரவாதிகள் உதைபந்தாட வேண்டிவந்தபோது, அவர்களைப் பயிற்றுவித்து அணியாக்கியவன் அவனே. நாவலின் மனித மாற்றங்கள் சபா மண்டபத்தில் அன்றி இக்கூடத்திலும் இராச்சமையலறையிலும் நிகழ்வதைப் பிராச்செட் தெளிவாகக் கண்டிருக்கிறார். பதினேழு வயதிலே பள்ளியை விட்டுப் பத்திரிகைத் தொழில் புகுந்த அவர், பல்கலைக்கழகத்தை வெளியே நின்று பார்த்தவர் என்பதும் கருதத்தக்கது.

ஆனால் அவரது எல்லையையும் சுட்டாதிருத்தல் விமர்சனமாகாது. நட்டின் வாழ்வுக்கு வழி திறப்பவள் ஒரு சீமாட்டி. ஆட்டத்தைச் சீர்செய்பவன் நகரின் சர்வாதிகாரி. விடுதலை மேலிருப்போரின் கருணையாகவே வருகிறது. பொண்டரின் வாக்குகளும் நட்டின் அறிவும் இணைந்திருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதை நாவலாசிரியர் எழுதவில்லை.

பொண்டர் தீயவனல்லன், நேர்மையானவன். அதனாலேயே அவன் நம்மை உறுத்துகிறான். குழுக்களின் சுமையைக் குறைகூறிக்கொண்டே சுமக்கும் நாமும் நமது வாக்குகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும். எண்ணியபின், யாருக்காகக் கை உயர்த்துவது என்பதையும் தீர்மானித்தல் வேண்டும்.