ஓரமாகப் போகச் சொல்லும் அழகு

காஞ்சிபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் படம் எடுக்க நல்ல இடங்கள் எவை என்று கேட்டால் எல்லோரும் ஒரே பட்டியலைத்தான் ஒப்பிப்பார்கள். காலை வெயிலில் கைலாசநாதர் கோயிலின் மணற்கல். கிருஷ்ணதேவராயர் 1509இல் எழுப்பிய ஏகாம்பரநாதர் ராஜகோபுரம். சர்வதீர்த்தக் குளம். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வந்தால் வல்லக்கோட்டை, அந்தி நேரத்தில் செம்பரம்பாக்கம் ஏரி. காலண்டரிலும் இவைதான், கல்யாண ஆல்பத்திலும் இவைதான். இவற்றில் அழகில்லை என்று யாரும் சொல்லவில்லை. நம் கேள்வி வேறு. இந்த அழகு உருவாக யார் யார் ஓரமாகப் போக வேண்டியிருக்கிறது?

போன தை மாசம் ஒரகடத்தில் வேலை பார்க்கும் தங்கச்சி மகனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையையும் பொண்ணையும் முன்கூட்டியே வைத்துப் படம் எடுக்கிற பழக்கம் இப்போது எங்கள் காலனிக்கும் வந்துவிட்டது. நானும் கூடப் போனேன். ஒரு பழைய கோயிலின் புல்வெளியில் வயதான அம்மா ஒருவர் கூட்டிக்கொண்டிருந்தார். கேமராக்காரப் பையன், “ஆயா, கொஞ்சம் தள்ளிப் போ, ஃபிரேம்ல வர்றே” என்றான். “ஏம்ப்பா, விடியக்காலைலேர்ந்து நான் கூட்டுனதாலதான ஒனக்கு இங்க படம் புடிக்கத் தோணுது” என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்தார். இயற்கைக்காட்சிப் படங்களைப் பற்றி இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் படித்ததில்லை.

இந்த ரசனைக்கு ஒரு வரலாறு உண்டு. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப், 1857-58இல் மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம் கோயில்களை எடுத்தார். அந்தப் படங்களில் பெரும்பாலும் ஆளே கிடையாது. அன்றைய கேமரா அசையாத பொருளைத்தான் ஒழுங்காகப் பதியும், நடமாடுகிறவர்கள் கலைந்துபோவார்கள். அது கருவியின் குறை. இன்றைய செல்போன் கண் இமைப்பதற்குள் படம் பிடித்துவிடுகிறது. ஆனாலும் ஆளில்லாத கோயில்தான் அழகு என்ற எண்ணம் போகவில்லை. கருவியின் குறை தீர்ந்தபின்னும் அது ரசனையாக நின்றுவிட்டது.

அதே மாகாணத்தில் ஒடுக்கப்பட்டவர்களையும் படம் எடுத்தார்கள். சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த எட்கர் தர்ஸ்டன் மூக்கையும் மண்டையையும் அளந்தார். தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அதில் படங்களும் உண்டு. கோபுரத்துக்கு அழகு, நமக்கு அளவுகோல். கேமரா வந்த நாளிலிருந்து பங்கீடு இப்படித்தான்.

காஞ்சிபுரம் ஆற்றங்கரை ஊர். ஆனால் வேகவதி ஆறு யாருடைய பட்டியலிலும் இல்லை. சாக்கடையாகிவிட்ட ஆற்றை யார் படம் எடுப்பார்? அதன் கரையில் குடியிருந்த ஏழைகளை ஆக்கிரமிப்பாளர்கள் என்று சொல்லி, ஊருக்கு வெளியே கீழ்கதிர்ப்பூரில் அடுக்குமாடி கட்டி அனுப்பும் வேலை நடந்தது. வெள்ள ஆபத்து பொய்யில்லை. 2015 மழையை நாம் மறக்கவில்லை. ஆனால் அந்த அளவுகோல் எல்லோருக்கும் ஒன்றாகவா விழுகிறது? 2022இல் பரந்தூர் விமான நிலையத்தை அறிவித்தபோது ஏகனாபுரத்து மக்கள் தங்கள் ஏரிகளைக் காட்டித்தான் எதிர்த்தார்கள். ஆறு அழகாக வேண்டும் என்றால் குடிசை போக வேண்டும். வளர்ச்சி வேண்டும் என்றால் ஏரியே போகலாம்.

இதே வட்டாரத்தில்தான் உலகத்துக்கே கேமரா போன் பூட்டப்படுகிறது. ஆனால் பல ஆலைகளில் தொழிலாளியின் போன் வாசலோடு நின்றுவிடும். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு விஷமாகி, ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் 150க்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தோழிகளுக்கு என்ன ஆனது என்று கேட்டு ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அன்று இரவு செல்போனில் எடுத்த படங்களில் பாதி இருட்டு, மீதி ஆட்டம். இந்த வட்டாரத்தில் எடுத்த நல்ல படங்கள் எவை என்று என்னைக் கேட்டால் அவற்றைத்தான் சொல்வேன். அவற்றில் யாரையும் யாரும் தள்ளிப் போகச் சொல்லவில்லை.

இத்தோடு நிறுத்தினால் கட்டுரை நமக்கு வசதியாக முடிந்துவிடும். ‘கக்கூஸ்’ (2017) ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்த பழனிக்குமார், தூய்மைப் பணியாளர்களைத் தொடர்ந்து படம் எடுத்துவருகிறார். மலக்குழியை மறைத்த சமூகத்தின் முன் அதைக் கொண்டுவந்து வைத்த அவசியமான வேலை அது. ஆனால் நம் பத்திரிகைகள் மலக்குழியையும் பிணத்தையும் மட்டுமே தேடினால், நாமும் தர்ஸ்டன் போட்ட பாதையில்தான் போய்க்கொண்டிருப்போம். கோயில் நுழைவுச் சட்டம் 1947இல் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் அடிவாங்கியவர்கள் உண்டு. அந்தக் கோபுரத்தின் முன்னால் நின்று சிரித்துப் படம் எடுத்துக்கொள்வதும் உரிமைதான்.

இதை எனக்குப் புரியவைத்ததும் அந்த அம்மாதான். பையன் போனபிறகு, “உங்களை ஒரு படம் எடுக்கட்டுமாம்மா?” என்று கேட்டேன். சரி என்றார். துடைப்பத்தோடு நிற்கச் சொன்னேன். கட்டுரைக்கு ஆகும் என்று என் மனசில் ஒரு கணக்கு. அவர் துடைப்பத்தைச் சுவரோரம் சாத்தினார். முந்தானையை உதறிச் சரிசெய்தார். கோபுரம் பின்னால் தெரிகிற மாதிரி, சரியான இடம் பார்த்து நின்றார்.

“தொடப்பம் எதுக்குப்பா? தெனமும் பாக்கறதுதான. நான் நல்லா இருக்கற மாதிரி எடு.”