தோள்சீலை வரலாற்றில் பேசாத பெண்கள்

1859 ஜூலை 26ஆம் நாள் திருவிதாங்கூர் அரசு வெளியிட்ட பிரகடனத்தை முழு விடுதலையென நம் திருச்சபை வரலாறுகள் போற்றுவதுண்டு. நாம் அதை ஏற்பதற்கில்லை. நாடார் பெண்கள் குப்பாயம் அணியலாம். முக்குவப் பெண்களைப்போல் முரட்டுத் துணியும் உடுத்தலாம். உயர்சாதிப் பெண்களைப்போல் மட்டும் உடுத்தலாகாது என்பதே அதன் சாரம். மானம் காக்க அனுமதி கிடைத்தது, சமத்துவம் கிடைக்கவில்லை.

இதினும் பெரிய குறை ஒன்றுண்டு. அவ்வரலாறுகளில் மிஷனெரி, திவான், ரெசிடெண்டு ஆகியோர் குரலே ஓங்கி ஒலிக்கிறது. அமெரிக்க அடிமைத்தளையினின்று தப்பிய ஹாரியட் ஜேக்கப்ஸ், எசமானின் இச்சைக்கு இணங்காது போராடிய கதையைப் புனைபெயரில் தாமே எழுதி 1861இல் வெளியிட்டார். இனமும் உடலும் பிணைந்த ஒடுக்குமுறைக்கு அங்கே பாதிக்கப்பட்டவளே சாட்சி. சீலை கிழிக்கப்பட்ட நம் பெண்களின் சாட்சி எங்கே? அருமனை போன்ற ஊர்ச் சபைகளில் பாட்டிமார் வழிவழியாகச் சொல்லிவருவதை எழுதிவைக்காதவரை நம் வரலாறு பாதி வரலாறே.