நரகத்திற்குச் செலுத்தும் தசமபாகம்

தேவதைக் கதைகளைக் கிறிஸ்தவ இளைஞர் வாசிக்கலாமா என்று பெற்றோர் ஆயரைக் கேட்பதுண்டு. கூடாது என்று தடுத்துவிடுவது எளிது. வெறும் பொழுதுபோக்கு என்று அனுமதித்துவிடுவதும் எளிது. இரண்டிலும் நூலை வாசிக்கும் உழைப்பு மிச்சமாகிறது. இவ்வகைப் புதினங்களுள் சிறந்த ஒன்றை எடுத்து, அது நம் போதனையை எவ்விடத்தில் தொடுகிறது எனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எலிசபெத் மேரி போப் எழுதி 1974இல் வெளிவந்த ‘தி பெரிலஸ் கார்ட்’ என்பதே அந்நூல். அமெரிக்கச் சிறுவர் இலக்கியத்திற்குரிய நியூபரி சிறப்புத் தகுதியை 1975இல் அது பெற்றது. ஆசிரியை கலிஃபோர்னியாவின் மில்ஸ் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பித்தவர். கிறிஸ்துவின் சோதனையைப் பாடும் மில்டனின் ‘பாரடைஸ் ரீகெயின்ட்’ காவியத்தையும், அதற்குப் பின்னணியாகிய இறையியல் மரபையும் ஆராய்ந்து 1947இல் நூல் வெளியிட்டவர். ஆகவே இறையியல் அறியாத கை எழுதிய கதையன்று இது.

இங்குத் தேவதைகள் என்போர் சிறகு முளைத்த சின்னஞ்சிறு உருவங்கள் அல்லர். பிரித்தானிய நாட்டுப்புற வழக்கில் அவர்கள் குன்றுகளின் அடியில் வாழும் தனிக் குலத்தார். மனிதரைக் கவர்ந்து செல்வோர். ஸ்காட்லாந்தில் அபர்ஃபாயில் ஊரின் ஆயராயிருந்த ராபர்ட் கிர்க், சங்கீதங்களைக் கேலிக் மொழியில் செய்யுளாக்கி 1684இல் வெளியிட்டவர். அவரே இக்குலத்தாரைப் பற்றியும் ஒரு நூல் எழுதிவைத்து 1692இல் மறைந்தார். ‘டாம் லின்’ என்னும் பழைய கதைப்பாடலில் அஞ்சத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஏழாண்டுக்கு ஒருமுறை இக்குலம் நரகத்திற்கு ஓர் உயிரைக் கப்பமாகச் செலுத்தவேண்டும். அக்கப்பத்தின் பெயர் ‘டீண்ட்’. ஸ்காட்லாந்துத் திருச்சபைக்குச் செலுத்திய தசமபாகத்திற்கு வழங்கிய சொல்லும் அதுவே.

போப் இப்பாடலின் கதையை 1558ஆம் ஆண்டின் இங்கிலாந்தில் வைக்கிறார். மேரி அரசியின் சினத்திற்கு ஆளாகி, தொலைவிலுள்ள மாளிகை ஒன்றுக்கு அனுப்பப்படுகிறாள் கேட் சட்டன் என்னும் இளம்பெண். அங்கே கிறிஸ்டோபர் என்னும் வாலிபனைக் காண்கிறாள். அவனுடைய அண்ணன் மகளாகிய சிறு குழந்தை காணாமற்போயிருக்கிறாள். தன் அசட்டையே அதற்குக் காரணம் என்று அவன் தன்னை ஓயாது தண்டித்துக்கொண்டிருக்கிறான். குழந்தை கப்பத்திற்காகக் குன்றின் அடியில் வைக்கப்பட்டிருக்கிறாள் என்று அறிந்ததும், அவளுக்கு ஈடாகத் தன்னை ஒப்புக்கொடுக்கிறான். கேட்டும் அங்கே சிறைப்படுகிறாள்.

மேலோட்டமாக வாசிப்போர் கிறிஸ்டோபரைக் கிறிஸ்துவின் சாயல் என்பர். பெயரும் அதற்கு இடந்தருகிறது. ஆனால் நூல் அவ்வளவில் நிற்கவில்லை. குழந்தைக்காக அவன் செல்வது மெய்யான அன்பே. எனினும் அதனோடு வேறொன்றும் பின்னிக்கிடக்கிறது. தன்னை அழித்துக்கொண்டாலன்றித் தன் குற்றம் தீராது என்னும் வேட்கை அது. கப்பம் கேட்போருக்கு இத்தகைய உள்ளமே வாய்ப்பானது. அன்பையும் தன்வெறுப்பையும் வெளியிலிருந்து காண்போர் இரண்டையும் தியாகம் என்றே அழைப்பர்.

கேட் அவனை மீட்கும் முறையே இந்நூலின் உயிர்நாடி. பழைய பாடலில் பாம்பாகவும் பிற கொடிய வடிவங்களாகவும் மாறும் காதலனைக் காதலி கைகளால் விடாது பற்றிக்கொள்கிறாள். புதினத்தில் கேட் பற்றிக்கொள்வது சொல்லால். சகல பரிசுத்தவான்கள் திருநாளுக்கு முந்திய இரவில், மயங்கிய நிலையில் பலிக்குச் செல்லும் அவனிடம் அவள் உயர்ந்த தத்துவம் எதுவும் பேசவில்லை. சிறையில் இருவரும் பேசிய நிலம், பண்ணை ஆகியவற்றை நினைவூட்டுகிறாள்; அவன் பூண்ட துயரக் கோலத்தைப் பரிகசிக்கவும் செய்கிறாள். மரணத்தின் மகிமையிலிருந்து அன்றாட வாழ்வின் எளிமைக்கு அவனை இழுக்கிறாள். இவளும் குகையின் அச்சத்தை மறக்கச் செய்யும் பானத்தை முன்னரே மறுத்தவள். தான் விழித்திருந்தமையாலேயே பிறனை விழிக்கச் செய்ய அவளால் இயன்றது. மாற்கு 15:23ஐ அறிந்தவர் இவ்விடத்தை எளிதில் கடந்துபோகார்.

இனி நம் பக்கம் திரும்புவோம். டீண்ட் முறையில் வாங்குவோனுக்கு இரக்கமில்லை. கொடுப்போர் தம் நலத்திற்காகப் பிறன் உயிரைக் கொடுக்கின்றனர். ஏழாண்டு கழிந்ததும் மீண்டும் கொடுத்தாக வேண்டும். எபிரெயர் நிருபத்தின் 10ஆம் அதிகாரம் வருடந்தோறும் செலுத்தும் பலிகளுக்கு எதிரே ‘ஒரேதரம்’ என்பதை நிறுத்துகிறது. 2 கொரிந்தியர் 5:19இன்படி, சிலுவையில் செயற்படுபவர் கடவுளே. ஆயினும் சினங்கொண்ட ஒருவருக்கு இரத்தத்தால் கடன் தீர்க்கப்பட்டது என்பதோடு நம் பிரசங்கம் நின்றுவிடுமாயின், கேட்கும் வாலிபன் பெறுவது சுவிசேஷமா, டீண்ட்டா? குற்றவுணர்வினால் உபவாசத்தையே தனக்குத் தண்டனையாக்கிக்கொண்ட மாணவர் ஒருவரை நான் அறிவேன். பலியைப் பற்றி நான் கற்பித்தவை அவருடைய வதையை மிகுவித்தன என்பதைக் காலந்தாழ்த்தியே உணர்ந்தேன்.

நூலில் குறையும் உண்டு. குலத்தலைவியை மிடுக்குடன் படைத்த ஆசிரியை, திருச்சபையை மங்கலான பின்னணியாகவே விட்டுவிட்டார். மேரியின் ஆட்சியில் சீர்திருத்தச் சபையார் ஏறக்குறைய 280 பேர் எரிக்கப்பட்டனர். அக்கொடுமை ஓய்ந்ததும் 1558இல்தான். மனித உயிரைக் கொடுத்து நாட்டின் நலம் காக்கலாம் என்று எண்ணியோர் குன்றின் அடியில் மட்டும் இருக்கவில்லை. இதனைக் கதையோடு இன்னும் நெருக்கமாகப் பிணைத்திருப்பின் நூல் மேலும் கனம் பெற்றிருக்கும்.

இளைஞர் இதனை வாசிக்கலாமா? வாசிக்கலாம், ஆயர் அவர்களுக்கு முன்னர் வாசித்திருக்க வேண்டும். தேவதைகளை நம்பும் ஆபத்து நம் இளைஞருக்கு மிகுதியாக இல்லை. கடவுளை அக்குன்றின் அடியில் கப்பம் கேட்பவராக எண்ணும் ஆபத்தோ நம் ஆராதனைக்குள்ளேயே இருக்கிறது.