ஊக்கமே கேடாகும் இடம்

எதிர்ப்பொருள் என்றால் தாக்கும், அழிக்கும் என்றே நினைத்துப் பழகிவிட்டோம். நாள்பட்ட இதயச் செயலிழப்பு உள்ள சிலரது ரத்தத்தில் ஓர் எதிர்ப்பொருள் இருக்கிறது. சொந்த இதயத்தின் மீதே பாயும் அது, இதயத்தை வேகமாகத் துடிக்கச் சொல்லி ஊக்குகிறது!

1987இல் கிழக்கு பெர்லினில் வாலுகாட், வோலன்பெர்கர் இருவரும் இதைக் காட்டிய விதமே ரசிக்கத்தக்கது. புதிதாய்ப் பிறந்த எலிக்குட்டியின் இதயச் செல்கள், உடலைவிட்டுப் பிரித்துத் தட்டில் வளர்த்தாலும் தாமாகவே துடிக்கும். இதயம் விரிந்து தளர்ந்த நோயாளிகளின் சீரத்திலிருந்து, எதிர்ப்பொருள்கள் அடங்கிய காமா குளோபுலினைப் பிரித்து அவற்றோடு சேர்த்தார்கள். துடிப்பு கூடியது. நோயாளி படுக்கையில் இருக்க, அவர் ரத்தத்தின் குணத்தை எலிச்செல்கள் துடித்துக் காட்டின.

இந்த எதிர்ப்பொருள் இதயச் செல்லில் தொடுகிற இடத்தைப் பாருங்கள். பீட்டா-1 ஏற்பி, செல்சவ்வை ஏழு முறை ஊடுருவி மடிந்திருக்கும் புரதம். இதயத்தை இயல்பாக முடுக்கும் ஹார்மோனான நார்அட்ரினலின் அதன் உட்குழிவுக்குள் போய் அமரும். எதிர்ப்பொருளோ அவ்வளவு தூரம் போவதில்லை. வெளியே நீண்டிருக்கும் இரண்டாவது வளைவைப் பற்றிக்கொள்கிறது. அந்தப் பிடியே ஏற்பியை முடுக்கிவிடப் போதுமானது.

ஹார்மோன் தூண்டும்போது, செல் சிறிது நேரத்தில் ஏற்பியை மந்தப்படுத்தித் தன்னைக் காத்துக்கொள்ளும். எதிர்ப்பொருளின் தூண்டுதலுக்கு இந்தக் கடிவாளம் சரியாக விழுவதில்லை. தட்டில் துடிப்பு மணிக்கணக்கில் தணியவில்லை. களைத்த மாட்டைத் தார்க்குச்சியால் குத்திக்கொண்டே இருக்கும் வேலை இது.

குத்துவதால்தான் மாடு களைத்ததா, களைத்த மாட்டைத்தான் குத்துகிறார்களா? 2004இல் ரோலண்ட் யான்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தேடியது. மேற்சொன்ன இரண்டாவது வளைவு மனிதனுக்கும் எலிக்கும் எழுத்து மாறாமல் ஒன்றே. அதை எலிகளுக்குத் தடுப்பூசிபோலச் செலுத்தினார்கள். எதிர்ப்பொருள் உண்டாகி, நாளடைவில் இதயம் விரிந்தது. அவற்றின் சீரத்தை நலமான எலிகளுக்குச் செலுத்த, அவற்றின் இதயமும் அதே வழியில் போனது. நோயே சீரத்தில் ஏறிப் பயணம் செய்தது.

எதிர்ப்பொருளை ரத்தத்திலிருந்து வடித்தெடுக்கும் சிகிச்சையை ஜெர்மனியில் சிறு குழுக்களிடம் முயன்றபோது இதயத்தின் செயல் மேம்பட்டது; ஆனாலும் அது பொது வழக்காகவில்லை. எதிர்ப்பொருள் முடுக்கும் அதே ஏற்பியை அடக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகளோ இன்று பரவலாகப் பயன்படுகின்றன. தளர்ந்த இதயத்துக்கு அவை ஆகாது என்றே ஒருகாலத்தில் மருத்துவம் சொல்லிவந்தது. 1975இல் ஸ்வீடனின் கோதன்பர்க்கில் வாக்ஸ்டைன் குழுவினர் துணிந்து கொடுத்துப் பார்த்த பிறகே அந்த எண்ணம் மெல்ல மாறியது. சோர்ந்த இதயத்தை விரட்டினால் தேறும் என்று நம்பியதில் அன்றைய மருத்துவத்துக்கும் இந்த எதிர்ப்பொருளுக்கும் வேறுபாடு இல்லை. மருத்துவம் திருந்திக்கொண்டது, எதிர்ப்பொருளுக்கு அந்த வசதி இல்லை.