தமிழ் விசைப்பலகையும் இயங்குதளங்களும்

2010 சூன் 23 முதல் 27 வரை கோயம்புத்தூர் கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. அதனுடன் தமிழ் இணைய மாநாடும் நடைபெற்றது. அவ்வேளையில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தன் தரமாக ஏற்றது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் முறை இவ்வாறு முடிவானது. உள்ளிடும் முறையில் குழப்பம் நீடித்தது.

இன்ஸ்கிரிப்ட்

விண்டோசில் "தமிழ்" என்ற பெயரில் நெடுங்காலமாகக் கிடைப்பது இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகை. இது இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக வடிவமைக்கப்பட்டது. தேவநாகரியின் வரிசையே இதன் அடிப்படை. அதனால் தமிழில் இல்லாத ஒலிகளுக்குரிய விசைகள் வெறுமையாக உள்ளன; அடிக்கடி வரும் ன, ண, ள, ற, ழ ஆகியவற்றுக்கோ சிப்ட் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். மொழிக்கேற்ப விசைகளை அமைக்காமல், விசைகளுக்குள் மொழியை அடக்கியதே இதன் குறை.

தமிழ் 99

1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ் 99 தமிழ் எழுத்திலக்கணத்தை ஒட்டியது. உயிரெழுத்துகள் இடக்கையிலும், மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்துள்ளன. இனவெழுத்துகள் அடுத்தடுத்து வந்தால் புள்ளி தானே விழும். "கொங்கு" என்ற சொல்லுக்கு இதில் ஐந்து தட்டல்கள் போதும். இன்ஸ்கிரிப்டில் ஆறு தட்டல்களும், 'ங'வுக்குச் சிப்ட் விசையும் தேவை. தமிழ் 99-க்கும் குறை உண்டு. "அதது" போன்ற சொற்களில் தானே விழும் புள்ளியைத் தடுக்க இடையில் அகர விசையைத் தட்ட வேண்டும். சிறிது பயிற்சியில் இது பழகிவிடும்.

இருபது ஆண்டு இடைவெளி

அரசு ஏற்ற இவ்வமைப்பு, விண்டோசு 10-இல் 2019-ஆம் ஆண்டின் மே மாத இற்றைப்படுத்தலில்தான் உள்ளமைந்து வந்தது. அதுவரை இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற கட்டற்ற, இலவச மென்பொருள்களே அக்குறையை ஈடுசெய்தன. சொந்தக் கணினி உள்ளவர் அவற்றை நிறுவிக்கொண்டார். நிறுவும் உரிமை இல்லாத கல்லூரி ஆய்வகக் கணினியில் மாணவர் என்ன செய்வார்? பலர் ஆங்கில எழுத்துகளில் தமிழை எழுதிப் பழகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழியை நிறுவனங்கள் மீது மட்டும் சுமத்த இயலாது. அரசின் தட்டச்சர் பணிக்குரிய தேர்வு, பழைய தட்டச்சுப் பொறியின் விசை அமைப்பையே நெடுங்காலம் சார்ந்திருந்தது. கொங்கு நாட்டுச் சிற்றூர்களின் தட்டச்சுப் பயிலகங்களும் அதையே கற்பித்தன. வேலைக்கு ஓர் அமைப்பு, ஆணையில் இன்னோர் அமைப்பு, கணினியில் மூன்றாவது அமைப்பு என்றால் கற்பவர் எதைக் கற்பார்?

தரம் என்பது ஆணையால் மட்டும் நிலைபெறாது. பள்ளிக் கணினிப் பாடத்திலும் அரசுத் தேர்விலும் தமிழ் 99 இடம்பெற்றால்தான் அது மாணவர் விரல்களுக்குப் பழகும்.